தசை முந்தும், நாண் பிந்தும்



அழைப்பிதழில் என் பொருளை ‘உடற்பயிற்சியும் இணைப்புத் திசுக்களும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். படித்தவுடனே வேறு வேலை ஞாபகத்துக்கு வரும் தலைப்பு. ஆனாலும் வந்திருக்கிறீர்கள். திண்டுக்கல்லுக்கு இணைப்புத் திசு புதிய சரக்கும் அல்ல. தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டுக்கட்டாக வாங்கி, ஊறவைத்து, பதப்படுத்தி, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிய ஊர் இது. ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் இணைப்புத் திசுதானே?

பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் நடந்த வேலையை ஓர் உடலியங்கியல் ஆசிரியன் கண்ணால் பாருங்கள். சுண்ணாம்புக் குழியில் தோலைப் போட்டால் மயிர் கழலும். கொழுப்பும் தேவையற்ற மற்றப் புரதங்களும் பெரும்பாலும் கழன்றுபோகும். எஞ்சி நிற்பது கொலாஜன் என்னும் நாரின் வலை. பிறகு ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை என்று துவர்ப்புச் சாற்றில் ஊறப்போடுவார்கள். அந்தத் துவர்ப்புப் பொருள் இழைகளுக்கு இடையில் புகுந்து ஒன்றோடொன்றைப் பிணைக்கும். பச்சைத் தோலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெந்நீரில் போட்டால் சுருண்டுபோகும். பட்டைச் சாறு ஏறிய தோல் அதற்கு மேலும் பல டிகிரி தாங்கும். பிணைப்பு கூடினால் உறுதி கூடும் என்ற இந்த ஒரு செய்தியை மட்டும் மடியில் முடிந்துகொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும். அந்தக் குழிகளில் இறங்கி நின்ற மனிதர்களின் கதையை இந்த ஊரில் வாழ்ந்த வழக்கறிஞர் டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அவர் எழுதியது அந்தத் தோலைச் சுமந்தவர்களின் வாழ்க்கையை. நான் பேசப்போவது அவர்கள் குதிகாலிலும் முழங்காலிலும் இருந்த அதே பொருளைப் பற்றி.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது பந்தகம். மூட்டுக்குள் மெத்தையாக இருப்பது குருத்தெலும்பு. உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த பட்டை ஒன்று உண்டு. இவையெல்லாம் ஒரே குடும்பம். வைத்தியரிடம் போய் ‘நரம்பு இழுக்குது’ என்று சொல்லி நாம் தடவிக் காட்டும் இடங்களில் பாதி, நரம்பே அல்ல, இவைதான். நம் உடம்பிலுள்ள புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தசைநாணை உலர்த்தி நிறுத்தால் பெரும்பகுதி அதுவே.

கொலாஜனின் உருவத்தைக் கண்டு சொன்னவர் இந்த மாநிலத்தில் உட்கார்ந்துதான் அதைச் செய்தார். ஜி.என். ராமச்சந்திரன் 1952இல், தமது 30ஆவது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்த ஆண்டில் சென்னைக்கு வந்த பிரிட்டன் விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. மாதிரிப் பொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாண் வழியே எக்ஸ்-கதிரைச் செலுத்தி எடுத்த படங்களை வைத்து, 1954இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஓடும் மும்முறுக்கு. அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்க முடியாது என்று கேம்பிரிட்ஜில் எதிர்ப்புக் கிளம்பியது. எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் புகுந்ததில் 1963இல் பிறந்ததுதான், இன்று உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. அவருக்கு நோபல் கிடைக்காத வருத்தத்தை இங்கே புதுப்பிக்க எனக்கு விருப்பமில்லை. கயிறு திரிப்பவர் எவரும் கண்டவுடன் புரிந்துகொள்ளும் வடிவத்தை இயற்பியல் கண்டுபிடிக்க 1954 வரை ஆயிற்று என்பதுதான் எனக்கு ருசியான செய்தி.

அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. முறுக்கின் உட்புறத்தில் வேறு எதற்கும் இடமில்லை. ஒரு மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர். இவை வரிசையாக, சற்றே முன்பின் தள்ளி அடுக்கப்பட்டு, நுண்ணிழையாகி, இழையாகி, கற்றையாகி, கடைசியில் கையால் தொட்டுப் பார்க்கும் குதிகால் நாணாகின்றன. முறுக்கு மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு விழுந்தால்தான் பலம். தோல் ஷாப்பில் கடுக்காய் செய்யும் வேலையை உடம்புக்குள் ஒரு நொதி செய்கிறது. அது இயங்கத் துளியளவு செம்பு வேண்டும்.

இனி உயிருள்ள நாணுக்கும் பதனிட்ட தோலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். இந்தச் சொற்பொழிவு முழுக்க அதைப் பற்றித்தான். தோல் ஒருமுறை பதமானால் முடிந்தது. பிறகு தேய்வது ஒன்றே அதற்குத் தெரியும். நாணுக்குள் இழைகளுக்கு நடுவே ஒடுங்கிய உயிரணுக்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. நாண் இழுபடும்போது அவையும் இழுபடுகின்றன. எவ்வளவு இழுபட்டோம், எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பதை அவை கணக்கில் கொண்டு, பழைய இழையை அறுக்கும் நொதியைச் சுரக்கின்றன, புதிய கொலாஜனையும் நூற்கின்றன. சுமை வந்தால் நாண் பதில் சொல்லும். ஆனால் அவசரப்படாது.

அவசரம் தசைக்கு உண்டு. இந்த மாவட்டத்தில் அதிகாலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் காவலர் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் மைதானத்தில் காலடி வைக்கிறார்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்திலேயே பலம் கூடியது தெரியும். அந்தத் தொடக்கப் பலத்தில் பெரும்பங்கு மூளையும் நரம்பும் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொண்டதால் வந்தது. அடுத்த சில வாரங்களில் தசையே தடிக்கிறது. ரத்த ஓட்டம் செழிப்பாக உள்ள திசு அது, கொடுத்ததை உடனே வாங்கிக்கொள்ளும். நாணுக்கு ரத்தக் குழாய் குறைவு, உயிரணு குறைவு, வேலை மெதுவாகவே நடக்கும். அதில் அளந்து சொல்லும்படியான மாற்றம் வர இரண்டு, மூன்று மாதம் ஆகிறது. பருமன் கூட ஆண்டுக்கணக்கும் ஆகலாம். ஆக ஐந்தாம் ஆறாம் வாரத்தில் அந்தப் பையனிடம் இருப்பது புதுத் தசையும் பழைய நாணும். ஓடத் தெம்பு இருக்கிறது, ஓடுகிறான். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி, கெண்டைக்காலுக்குக் கீழே வலி, கணுக்காலில் காலை எழுந்தவுடன் விறைப்பு. உடனே ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டம். தேர்வு வாரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; பிள்ளைகள் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் அன்றே ஓடவும் தொடங்கினால் பாதி வலி வராது.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் நம் ஊர் வழியே பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தை நான் வர்ணிக்கத் தேவையில்லை. நீங்களே போகிறவர்கள், அல்லது வழியில் மோர்ப் பந்தல் வைத்தவர்கள். இங்கிருந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அடிக்கு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 90,000 அடிக்கு மேல். ஒவ்வொரு காலுக்கும் 45,000. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரும் நகரத்தாருக்கு இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். நடக்கும்போது குதிகால் நாணில் விழும் இழுவை உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. அத்தனையும் முடித்த பிறகு மலைப்படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்கால் நாணுக்குக் கூடுதல் வேலை என்பது படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குபவர்களைப் பார்த்தாலே தெரியும்.

ஊர் திரும்பி மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஊசி குத்துகிறது. நாலு அடி நடந்தால் குறைகிறது. உள்ளங்கால் பட்டை, குதிகால் எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் எழுப்பும் கூச்சல் அது. இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்று உண்டு. மாலை போட்டு விரதம் இருக்க வழக்கத்தில் நாள் குறித்திருக்கிறோம். பலர் 48 நாள் இருக்கிறார்கள். நாக்குக்கு அத்தனை ஒழுங்கு. காலுக்கு ஒன்றும் இல்லை. அந்த 48 நாளையும் நடைக்கு ஒதுக்கினாலே ஏழு வாரம் கிடைக்கும். ஐப்பசியில் தொடங்கினால் மூன்று மாதம். மூன்று மாதம் என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை என்பது இனி விளங்கும்.

கோபன்ஹேகன் நகரத்தில் மைக்கேல் கேர் என்பவரும் அவர் குழுவினரும் மனிதத் தசைநாணைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடுமையான பயிற்சி ஒன்று முடிந்ததும் நாணில் என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. ஒரு நாள் கழித்து உச்சத்தைத் தொடுகிறது. மூன்று நாள் வரைக்கும் கூட மேலேயே நிற்கிறது. நல்ல செய்தி. ஆனால் அதே நேரத்தில் சிதைவும் கூடுகிறது, அதுவும் முந்திக்கொண்டு. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை நாணுக்கு நட்டம். அதற்குப் பிறகுதான் லாபம். நட்டக் கணக்கு முடியும் முன்பே அடுத்த கடும் பயிற்சியைப் போட்டு, அதற்கடுத்த நாளும் போட்டால், லாபம் என்ற பக்கத்துக்கே நாண் வந்து சேராது. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று பழைய உடற்பயிற்சி ஆசான்கள் சொன்னதற்கு இப்படி ஓர் உயிர்வேதியியல் ஆதாரம் இருக்கிறது. தினமும் லேசாக நடப்பதற்கு இது பொருந்தாது. மலைக்கோட்டைப் படியை மூச்சிரைக்க ஏறி இறங்குவது, குதிப்பது, வேக ஓட்டம், கனத்த பளு இவற்றுக்குப் பொருந்தும்.

அப்படியானால் லேசாக நிறையச் செய்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். அதற்கும் நாண் மசிவதில்லை. ஆரம்பாட்சிஸ் என்னும் ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் 2007இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களின் ஒரு காலுக்குத் தசையின் முழு வலுவில் 55 விழுக்காட்டளவு சுமை, மறு காலுக்கு 90 விழுக்காட்டளவு. லேசான சுமைக்காலுக்கு அதிக தடவைகள் கொடுத்து மொத்த வேலையைச் சமமாக்கினார்கள். 14 வாரத்தில் இரு காலிலும் தசை பலம் பெற்றது. நாண் விறைப்பு பெற்றது கனமான சுமை பெற்ற காலில் மட்டும். தசை உழைப்பின் மொத்தத்தை மதிக்கிறது. நாணோ தான் எவ்வளவு நீட்டப்பட்டோம் என்பதையே மதிக்கிறது. நூறு தடவை லேசாக இழுப்பதைக் காட்டிலும் பத்துத் தடவை நிதானமாக, கனமாக, சில விநாடி நிறுத்தி இழுப்பது அதற்குப் புரியும். ‘விறைப்பு’ என்று நான் சொல்வதைப் பிடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அந்த விசை தளர்ந்த நாணில் வீணாகாமல் குதிகாலுக்குப் போய்ச் சேரும் தன்மை அது. தடுமாறும்போது சட்டென்று சுதாரித்துக்கொள்வதும் ஓரளவுக்கு இதைப் பொறுத்ததே.

இவ்வளவு நேரம் நாண் புதுப்பிக்கப்படுகிறது என்று பேசிவிட்டு, இப்போது எதிர்த்தரப்பில் ஒரு சாட்சியை நிறுத்துகிறேன். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில் காற்றுமண்டலத்தில் கதிரியக்கக் கார்பன்-14 ஏறக்குறைய இரு மடங்காயிற்று. தடை உடன்படிக்கைக்குப் பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. செடி அதை வாங்கியது, ஆடு செடியைத் தின்றது, மனிதன் இரண்டையும் தின்றான். ஆகவே ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். கோபன்ஹேகனில் கத்யா ஹைனமையர் குழுவினர் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் குதிகால் நாண்களை எடுத்து இப்படி அளந்து 2013இல் வெளியிட்டார்கள். முடிவு திகைக்க வைப்பது. நாணின் நடுப்பகுதி அந்த மனிதரின் 17 வயது வரைக்கும் கட்டப்பட்டிருக்கிறது; அதற்குப் பிறகு கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படவே இல்லை. அதே மனிதர்களின் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. 70 வயதுக்காரர் பதினேழு வயதில் முடித்த நாணின் மேல் நின்றுகொண்டிருக்கிறார்.

இரண்டும் எப்படிப் பொருந்தும்? முழுத் தெளிவு வரவில்லை என்றாலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து: நாண் முழுதும் ஒரே வேகத்தில் இயங்கவில்லை. நடுக்கற்றை நிலைத்த முதல். கற்றைகளுக்கு இடையிலும் வெளிப்புறத்திலும் இருக்கும் தளர்ந்த திசு அன்றாடம் புழங்கும் பணம். வரவு செலவெல்லாம் அந்தப் புழக்கத்தில்தான். கூடவே, இழை பழையதாக இருந்தாலும் இழைகளுக்கு இடையிலான பிணைப்பும் நீரளவும் மாற முடியும். பெரியவர்களிடம் பயிற்சியால் நாணின் விறைப்பு முதலில் மாறி, பருமன் வெகு காலம் மாறாமலே இருப்பதற்கு இது காரணம் சொல்கிறது. வாள்சண்டை வீரர்களையும் பாட்மின்டன் வீரர்களையும் அளந்தபோது, எந்நேரமும் முன்னால் பாய்ந்து ஊன்றும் காலின் முழங்கால் நாண் மறுகாலினுடையதைவிடத் தடித்திருந்தது. பல ஆண்டு ஆட்டத்தின் தழும்பு அது.

நடுக்கற்றை பதினேழுக்குள் முடிகிறது என்றால், அந்தக் கட்டடம் எழும்புவது பள்ளிக்கூட ஆண்டுகளில். அந்த ஆண்டுகளில் பி.டி. பீரியட் என்று ஒன்று அட்டவணையில் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் கணக்கு ஆசிரியரோ வேதியியல் ஆசிரியரோ அதை வாங்கிக்கொள்வார். நான் அறிவியல் ஆசிரியன், என் இனத்தாரைப் பற்றியே சொல்கிறேன். ஓடிக் குதித்து விளையாடாத பதின்ம வயதின் விலையைப் பின்னால் ஜிம்முக்குப் பணம் கட்டி முழுதாக மீட்க முடியுமா என்பது எனக்கு ஐயமே.

இந்த நிலைத்த முதல்தான் சர்க்கரை நோயின் கதையையும் சொல்கிறது. சர்க்கரைக்காரர்கள் மூன்று மாத சராசரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கிறீர்கள். ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அதில் பார்க்கிறார்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சாவதால் அந்தக் கணக்கு மூன்று மாதத்தோடு முடிகிறது. கொலாஜனிலும் அதே சர்க்கரை ஒட்டுகிறது. ஆனால் நடுநாணின் கொலாஜனுக்குச் சாவு கிடையாது. பத்தாண்டு, முப்பதாண்டு, ஒட்டியது ஒட்டியதுதான். நொதி போடும் பிணைப்பு இடம் பார்த்து விழுவது. சர்க்கரை போடும் பிணைப்பு கண்ட இடத்தில் விழுவது. மடியில் முடியச் சொன்னேனே, பிணைப்பு கூடினால் உறுதி கூடும் என்று. இங்கே அது எல்லை மீறுகிறது. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாமல் இறுகுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிக் கை தூக்க முடியாமல் போவதும் விரல்கள் மடங்கி நிற்பதும் மற்றவர்களைவிட அதிகம். பட்டையும் கடுக்காயும் இல்லாமலே உள்ளுக்குள் ஒரு பதனிடுதல் நடக்கிறது என்று சொல்லலாம்.

சுமையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 90 நாள் படுக்கையில் கிடத்தி, விண்வெளிப் பயணத்துக்கு ஒத்திகை பார்த்த ஐரோப்பிய ஆய்வில் கெண்டைக்கால் நாணின் விறைப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் நாய்ஸ் என்ற மருத்துவர் குரங்குகளின் காலை 8 வாரம் கட்டி வைத்துப் பார்த்தார். முழங்காலின் முன் குறுக்குப் பந்தகம் தாங்கும் சுமை ஏறக்குறைய நாற்பது விழுக்காடு சரிந்தது. கட்டை அவிழ்த்து ஐந்து மாதம் ஓடவிட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஓராண்டு ஆன பின்னும் பழைய அளவைத் தொடவில்லை. மாவுக்கட்டு பிரித்த மறுநாளே காட்டு வேலைக்குப் போகிறவர்களும், எலும்பு கூடிய பிறகும் மூங்கில் தப்பையை அவிழ்க்க மனமில்லாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் இந்தக் குரங்குகள் பொது.

சுளுக்கு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டால் இதமாக இருக்கிறது. இதத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் நாணுக்குள் இருக்கும் உயிரணுவைத் தட்டி எழுப்புவது இழுவைதானே தவிர தடவல் அல்ல. குதிகால் நாண் வலிக்கு இன்று உலகெங்கும் சொல்லப்படும் பயிற்சியை ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, சுற்றுக்கு 15, காலையும் மாலையும். நாளைக்கு 180 தடவை, 12 வாரம். பின்னர் வந்த ஆய்வுகள், வாரத்துக்கு மூன்று நாள் கனமாக, மெதுவாகச் செய்தாலும் அதே பலன் வருகிறது என்று காட்டின. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். 180 தடவையை 12 வாரமும் விடாமல் செய்யும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

பாதயாத்திரைக் குதிகாலுக்கும் இதுபோல ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் 2015இல் வெளியானது. துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, விரல்கள் மேல்நோக்கி மடங்கி நிற்க, படி விளிம்பில் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க வேண்டும். மூன்று விநாடி ஏற்றம், இரண்டு விநாடி நிறுத்தம், மூன்று விநாடி இறக்கம். ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்றாம் மாதத்தில், வெறுமனே காலை நீட்டி இழுத்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இரு கூட்டத்தாரும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி? முழங்கை, தோள் நாண் வலிகளுக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பு ‘லான்செட்’ இதழில் 2010இல் வந்தது. சில வாரங்களுக்கு ஊசி நன்றாகக் கேட்கிறது. ஆறு மாதம், ஓராண்டு என்று போனால், முழங்கை வலியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நாணைப் பலவீனமாக்கி அறுந்துபோகச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் கடுமையான எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சேர்த்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் இந்த மாத்திரை சீட்டில்லாமலே கடையில் கிடைக்கும் நிலை இருப்பதால் சொன்னேன்.

சாப்பாட்டைத் தொடாமல் திண்டுக்கல்லில் ஒரு கூட்டத்தை முடிக்க முடியாது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் கால் பலப்படும் என்று பிரியாணிக் கடைக்காரர் சொல்லாமலே நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆட்டுக்காலில் உள்ள நாணும் தோலும் வெந்து கரைந்தால் வருவது ஜெலட்டின். கொலாஜனின் அவிழ்ந்த வடிவம். அது நேராகப் போய் நம் குதிகாலில் ஒட்டிக்கொள்ளாது. குடல் அதைத் துண்டுதுண்டாக அறுத்துத்தான் உள்ளே விடும். ஆனால் 2017இல் கீத் பார் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சி-யோடு குடித்து, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் ஸ்கிப்பிங் ஆடியவர்களின் ரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியின் அடையாளம் இரு மடங்காகியிருந்தது. கலந்துகொண்டவர்கள் எட்டே பேர். எட்டுப் பேரை வைத்துக் கடைக்கு விளம்பரப் பலகை எழுதக் கூடாது. வைட்டமின் சி விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை. அது இல்லாமல் கொலாஜனின் மும்முறுக்கு நிலைக்காது. பழைய கடலோடிகளின் பல் உதிர்ந்ததும் ஆறிய புண் மீண்டும் பிளந்ததும் அதனால்தான். அதற்கு மாத்திரை வேண்டாம். பழனிக்குப் போகும் வழியில் ஆயக்குடிக் கொய்யா கூடை கூடையாக விற்கிறது. ஒரு பழம் அன்றைய தேவையைத் தாண்டிவிடும்.

பெண்களின் நாண் இதே பயிற்சிக்குச் சற்றுக் குறைவாகப் பதிலளிக்கிறது என்று கோபன்ஹேகன் ஆய்வுகள் காட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கு அதில் பங்கு இருக்கிறது. அதனால் பெண்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று பொருள் அல்ல, இன்னும் நிதானமாகக் கூட்ட வேண்டும் என்று பொருள். ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்களை வைத்தே செய்யப்பட்டவை. ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன்களையும், ஆண்டு முழுக்கக் குனிந்து நாற்று நடும் பெண்களையும் ஒருவரும் இந்த முறையில் அளந்து நான் படித்ததில்லை. காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, நகரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தால் நாணின் பருமனை அளந்துவிடலாம். பின்வரிசை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முன்வரிசையில் சிலர், இதெல்லாம் வாலிபருக்கு, எங்கள் நாண் பதினேழிலேயே முடிந்துவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே என்று பார்ப்பது தெரிகிறது. 2003இல் ரீவ்ஸ், மகனாரிஸ், நாரிசி ஆகிய மூவர் இங்கிலாந்தில் எழுபது வயதைத் தாண்டியவர்களை எடுத்துக்கொண்டார்கள். 14 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், காலால் பளுவைத் தள்ளும் பயிற்சி. முடிவில் அவர்களின் முழங்கால் நாணின் விறைப்பு 65 விழுக்காடு கூடியிருந்தது. தசையின் விசை முன்னைவிட விரைவாக எலும்புக்குப் போய்ச் சேர்ந்தது. நம் வீட்டில் பளு தள்ளும் எந்திரம் கிடையாது. கைப்பிடி இல்லாத நாற்காலி கிடைக்கும். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருங்கள். எட்டுத் தடவையில் தொடை நடுங்கினால் சுமை சரியாக இருக்கிறது என்று பொருள். நடுங்கவில்லை என்றால் மடியில் ஒரு படி அரிசியை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை முழங்கால் வீங்கினாலோ, வலி முந்தின நாளைவிட மிஞ்சினாலோ, எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு நாள் கூடுதலாக இடைவெளி விடுங்கள். இன்று புதன் என்றால் அடுத்தது வெள்ளி.